தானியங்கு மின்னஞ்சல் சென்றடைதல்

தானியங்கு மின்னஞ்சல் என்பது ஒருவர் தட்டச்சு செய்து அனுப்பாமல், இணையத்தளம் ஒன்றின் நிரல் தானாகவே ஆக்கி அனுப்பும் மடல் ஆகும். கடவுச்சொல்லை மாற்றுவதற்கான இணைப்பு, பதிவை உறுதிசெய்யக் கோரும் மடல், கட்டணப் பற்றுச்சீட்டு, விண்ணப்பம் கிடைத்தமைக்கான ஒப்புகை போன்றவை இவ்வகையைச் சேர்ந்தவை. இத்தகைய மடல்கள் பெறுநரின் உள்பெட்டியை அடையாமல் எரிதக் கோப்புறைக்குள் ஒதுக்கப்படுவது இணையத்தள நிர்வாகிகள் பரவலாக எதிர்கொள்ளும் சிக்கலாகும். எரிதம் என்பது பெறுபவர் கேட்காமலேயே பெருந்தொகையில் அனுப்பப்படும் வேண்டா மடல்களைக் குறிக்கும்.

இச்சிக்கலின் தீவிரம் அதன் ஓசையின்மையில் உள்ளது. முகவரி தவறான மடல் பிழைச்செய்தியுடன் அனுப்பிய வழங்கிக்கே திரும்பும். எரிதமெனக் கருதப்பட்ட மடலோ முறைப்படி ஏற்றுக்கொள்ளப்படுகிறது. அனுப்பிய வழங்கியின் பதிவேட்டிலும் ஏற்கப்பட்டது என்றே பதிவாகிறது. பெறுநர் எரிதக் கோப்புறையைத் திறந்து பார்த்தால் ஒழிய, நடந்ததை இரு தரப்பினரும் அறியார். ஜிமெயில் அக்கோப்புறையில் உள்ளவற்றை 30 நாட்களில் தானாகவே அழித்துவிடுகிறது. நேர்காணலுக்கான அழைப்போ, கல்லூரிக் கட்டணத்தின் இறுதி நாள் பற்றிய அறிவிப்போ அம்மடலாக இருப்பின், இழப்பு பெரும்பாலும் பெறுநருக்கே நேர்கிறது.

அனுப்புநரைச் சோதிக்காத நெறிமுறை

மின்னஞ்சல் ஒரு வழங்கியிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் முறையை வரையறுப்பது எஸ்எம்டிபி என்னும் நெறிமுறை ஆகும். ஜான் போஸ்டல் இதனை 1982 ஆகஸ்டில் ஆர்எஃப்சி 821 என்ற ஆவணமாக வெளியிட்டார். ஒருவரையொருவர் அறிந்த பல்கலைக்கழகங்களும் ஆய்வுக்கூடங்களும் பயன்படுத்திய வலையமைப்புக்காக எழுதப்பட்டதால், அனுப்புபவர் தம்மை யாரெனச் சொல்கிறாரோ அதனை அப்படியே ஏற்கும் இயல்புடன் இந்நெறிமுறை அமைந்தது. வேண்டா மடல்கள் அதற்கு முன்பே தோன்றிவிட்டன. 1978 மே 3 அன்று டிஜிட்டல் எக்யூப்மென்ட் கார்ப்பரேசன் நிறுவனத்தின் விற்பனைப் பிரிவைச் சேர்ந்த கேரி துர்க், ஆர்ப்பாநெட் வலையமைப்பில் ஏறத்தாழ 400 பேருக்குக் கணினி விற்பனை விளம்பரம் ஒன்றை அனுப்பினார். முதல் எரிதமாகப் பொதுவாகக் குறிப்பிடப்படுவது இதுவே.

ஒரு மடலில் இரண்டு அனுப்புநர் முகவரிகள் உள்ளன என்பதைப் பலர் அறிவதில்லை. அஞ்சல் கடிதத்துடன் ஒப்பிட்டால், ஒன்று உறையின் மேல் எழுதப்படுவது; மற்றொன்று உள்ளே கடிதத்தின் தொடக்கத்தில் எழுதப்படுவது. உறை முகவரி வழங்கிகளின் பயன்பாட்டுக்கு உரியது. மடல் சேராவிட்டால் பிழைச்செய்தி செல்லவேண்டிய இடம் அதுவே ஆகும். பெறுநரின் திரையில் தோன்றுவது கடிதத்தினுள் உள்ள முகவரி. இரண்டும் ஒன்றாக இருக்கவேண்டும் என்று எஸ்எம்டிபி கோருவதில்லை. கடிதத்தினுள் வங்கியொன்றின் முகவரியை யாரும் எழுதிவிடலாம். ஏமாற்று மடல்கள் பல இந்த இடைவெளியில் வளர்ந்தவை. அவற்றைத் தடுக்க எழுந்த ஏற்பாடுகளிலேயே நேர்மையான இணையத்தளங்களின் மடல்களும் சிக்கிக்கொள்கின்றன.

எரித வடிகட்டிகள்

தொடக்கத்தில் எரிதம் அனுப்பும் கணினிகளின் ஐ.பி. முகவரிகளைத் தொகுத்துத் தடுப்பதே முதன்மையான வழியாக இருந்தது. 1997 இல் பால் விக்சி தொடங்கிய கரும்பட்டியலும், 1998 இல் நிறுவப்பட்ட ஸ்பாம்ஹாஸ் அமைப்பின் பட்டியல்களும் இவ்வகையில் அறியப்பட்டவை. மடலைப் பெறும் வழங்கி, அதனைக் கொண்டுவந்த கணினியின் முகவரி பட்டியலில் உள்ளதா என்று நொடிப்பொழுதில் கேட்டறிந்து கொள்கிறது.

2001 இல் வெளிவந்த ஸ்பாம்அசாசின் என்னும் கட்டற்ற மென்பொருள் வேறொரு முறையைப் பரவலாக்கியது. அது மடலின் ஒவ்வொரு கூற்றுக்கும் புள்ளி வழங்கிக் கூட்டுகிறது; இயல்பான அமைப்பில் கூட்டுத்தொகை 5 புள்ளிகளை எட்டினால் மடல் எரிதமெனக் கொள்ளப்படும். 2002 ஆகஸ்டில் பால் கிரகாம் எழுதிய கட்டுரையொன்று, பயனர் ஒதுக்கிய மடல்களிலும் வைத்துக்கொண்ட மடல்களிலும் சொற்கள் வரும் நிகழ்தகவைக் கொண்டு புதிய மடலை மதிப்பிடும் பேயசு முறையைப் பலருக்கும் அறிமுகப்படுத்தியது. இன்றைய பெரிய மின்னஞ்சல் சேவைகள் இவற்றோடு, அனுப்பும் ஆள்களத்தின் கடந்தகால நடத்தையையும் இயந்திரக் கற்றல் மூலம் கணக்கிடுகின்றன. ஆகவே ஒரு மடல் ஏன் ஒதுக்கப்பட்டது என்பதற்கு ஒற்றைக் காரணம் காட்டுவது பெரும்பாலும் இயலாது.

இணையத்தள நிரல்களில் காணப்படும் குறை

சிறிய இணையத்தளங்கள் பெரும்பாலும் பகிர்வு வழங்கிகளில், அதாவது ஒரே கணினியில் நூற்றுக்கணக்கான தளங்கள் குடியிருக்கும் ஏற்பாட்டில் இயங்குகின்றன. பிஎச்பி மொழியில் எழுதப்பட்ட தளங்கள் மடல் அனுப்ப அம்மொழியின் மெயில் என்னும் செயற்கூற்றை நெடுங்காலமாகப் பயன்படுத்தி வந்துள்ளன. இச்செயற்கூறு மடலை அக்கணினியிலுள்ள அஞ்சல் மென்பொருளிடம் ஒப்படைப்பதுடன் தன் பணியை முடித்துக்கொள்கிறது. அது வெற்றி என்று விடை தந்தால் ஒப்படைப்பு நிகழ்ந்தது என்பது மட்டுமே பொருள். மடல் சேர்ந்தது என்பதற்கு அது சான்றாகாது. நிரலர்கள் பலர் இவ்விரண்டையும் ஒன்றாகக் கொண்டு, மடல் அனுப்பப்பட்டுவிட்டது என்று பயனரின் திரையில் காட்டிவிடுகின்றனர்.

உறை முகவரி தனியே குறிப்பிடப்படாவிட்டால், வழங்கி தன் கணக்குப் பெயரையும் தன் பெயரையும் சேர்த்து ஒரு முகவரியை இட்டுவிடும். கல்லூரி நூலகம் ஒன்றின் தளத்தை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். நூலைத் திருப்பித்தர வேண்டிய நாளை நினைவூட்டும் மடலின் உள்ளே நூலகத்தின் முகவரி இருக்கும்; உறையிலோ பெறுநர் கேள்வியுற்றிராத வழங்கி நிறுவனத்தின் பெயர் இருக்கும். ஏமாற்று மடலின் தோற்றமும் இதுவே. வேர்ட்பிரசு மென்பொருள் வேறு ஏற்பாடு செய்யப்படாதபோது, தளத்தின் ஆள்களப் பெயருக்கு முன் வேர்ட்பிரசு என்ற சொல்லை இட்டு அனுப்புநர் முகவரியை உருவாக்குகிறது. அப்பெயரில் பெரும்பாலான தளங்களில் அஞ்சற்பெட்டியே இருப்பதில்லை.

இதனால் தளத்தின் மடல்களை முறையான அஞ்சல் வழங்கி ஒன்றின் வழியாக, பயனர்பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து அனுப்புவதே நம்பத்தக்க வழியாகும். இதற்கென ஒதுக்கப்பட்டுள்ளது 587 ஆம் இலக்கத் துறை. மேகக் கணிமை நிறுவனங்கள் பலவும் வழங்கிகள் தமக்குள் மடல் பரிமாறும் 25 ஆம் இலக்கத் துறையை வாடிக்கையாளருக்கு இயல்பாகவே மூடி வைத்திருப்பதால், சொந்தமாக மடல் அனுப்ப முயலும் தளங்களும் இறுதியில் இவ்வழிக்கே வருகின்றன. சொந்த அஞ்சல் வழங்கியை நடத்துவோர் அதன் ஐ.பி. முகவரியைத் தலைகீழாகத் தேடினால் வழங்கியின் பெயர் கிடைக்குமாறும், அப்பெயரைத் தேடினால் அதே ஐ.பி. முகவரி கிடைக்குமாறும் பதிந்திருக்க வேண்டும். இது இல்லாத மடல்களை ஏற்கவே மறுக்கும் வழங்கிகள் பல.

மூன்று சான்றுகள்

எஸ்எம்டிபி விட்டுச்சென்ற இடைவெளியை நிரப்ப மூன்று ஏற்பாடுகள் ஒன்றன்பின் ஒன்றாக உருவாயின. மூன்றும் ஆள்களப் பெயர் முறைமையான டிஎன்எஸ்சில் உரிமையாளர் பதிந்துவைக்கும் குறிப்புகளைச் சார்ந்தவை. ஆள்களத்தின் உரிமையாளர் மட்டுமே அங்கு எழுத முடியும் என்பதே இவற்றின் அடிப்படை.

முதலாவது எஸ்பிஎஃப். தன் பெயரில் மடல் அனுப்ப உரிமை பெற்ற ஐ.பி. முகவரிகள் எவை என்பதை ஆள்களம் இதில் அறிவிக்கிறது. 2006 இல் ஆர்எஃப்சி 4408 ஆகவும், திருத்தப்பட்டு 2014 இல் ஆர்எஃப்சி 7208 ஆகவும் வெளியானது. இது சோதிப்பது உறை முகவரியை மட்டுமே. பெறுநர் காணும் முகவரியை இது தொடுவதில்லை. ஓர் ஆள்களத்துக்கு ஒரே ஒரு எஸ்பிஎஃப் குறிப்பே இருக்கலாம். புதிய அஞ்சல் சேவையைச் சேர்க்கும்போது பழைய குறிப்பில் அதனை இணைக்காமல் இரண்டாவது குறிப்பு ஒன்றை எழுதிவிடுவது அடிக்கடி நிகழும் பிழை. அவ்வாறு செய்தால் இரண்டுமே பயனற்றுப் போகும். குறிப்பைப் படித்து முடிக்க 10 டிஎன்எஸ் தேடல்களுக்கு மேல் தேவைப்பட்டாலும் அது பிழையாகவே கொள்ளப்படும். மேலும், பெறுநர் தம் மடல்களை வேறொரு முகவரிக்குத் திருப்பிவிட்டிருந்தால், இடையிலுள்ள வழங்கியின் ஐ.பி. முகவரி பட்டியலில் இராமையால் எஸ்பிஎஃப் தோல்வியடைகிறது.

இரண்டாவது டிகிம். யாகூ நிறுவனமும் சிஸ்கோ நிறுவனமும் தனித்தனியே உருவாக்கிய இரு முறைகளை இணைத்து 2007 மே மாதத்தில் ஆர்எஃப்சி 4871 ஆக வெளியிடப்பட்டது. 2011 இல் ஆர்எஃப்சி 6376 அதன் இடத்தைப் பெற்றது. அனுப்பும் வழங்கி மடலின் உடற்பகுதியையும் தேர்ந்தெடுத்த தலைப்பு வரிகளையும் கணித முறையில் சுருக்கி, தன்னிடம் மட்டுமே உள்ள திறவுகோலால் கையொப்பமிடுகிறது. அதற்கு இணையான பொதுத் திறவுகோல் டிஎன்எஸ்சில் வைக்கப்பட்டிருக்கும். பெறும் வழங்கி அதனைக் கொண்டு கையொப்பத்தைச் சரிபார்க்கிறது. மடல் வழியில் மாற்றப்படாதவரை கையொப்பம் செல்லுபடியாவதால், திருப்பிவிடப்பட்ட மடல்களிலும் இது நிலைத்து நிற்கிறது.

கையொப்பத்தின் வலிமை திறவுகோலின் நீளத்தைப் பொறுத்தது. 2011 இல் சக்கரி ஹாரிசு என்ற கணிதவியலாளர் கூகுள் நிறுவனத்திடமிருந்து வந்த வேலைவாய்ப்பு மடலை ஐயுற்று ஆராய்ந்தபோது, அதன் திறவுகோல் 512 பிட் நீளமே கொண்டிருப்பதைக் கண்டார். தம்மைச் சோதிக்கவே அவ்வாறு வைத்துள்ளனர் என்று எண்ணி, வாடகைக் கணினிகளின் துணையுடன் அத்திறவுகோலை உடைத்தார்; பின்னர் அந்நிறுவனத்தின் நிறுவுனர் ஒருவரது பெயரில் மற்றவருக்கு மடல் அனுப்பினார். விடை ஏதும் வரவில்லை; சில நாட்களில் திறவுகோல் மட்டும் 2048 பிட்டாக மாறியிருந்தது. 2018 இல் வெளியான ஆர்எஃப்சி 8301, திறவுகோல் 1024 பிட்டுக்குக் குறையக்கூடாது என்றும் 2048 பிட் விரும்பத்தக்கது என்றும் கூறுகிறது.

மூன்றாவது டிமார்க். 2012 சனவரியில் அறிவிக்கப்பட்டு, 2015 மார்ச்சில் ஆர்எஃப்சி 7489 ஆக வெளியானது. முந்தைய இரண்டும் ஏதோ ஓர் ஆள்களத்தை மெய்ப்பிக்கின்றன; அது பெறுநர் காணும் ஆள்களம்தானா என்று அவை கேட்பதில்லை. டிமார்க் அக்கேள்வியைக் கேட்கிறது. மேலே கூறிய நூலக மடலில், உறையிலுள்ள வழங்கி நிறுவனத்தின் பெயருக்கு எஸ்பிஎஃப் வெற்றி பெறக்கூடும். ஆயினும் அப்பெயர் நூலகத்தின் பெயருடன் பொருந்தாமையால், நூலகத்தின் பெயரில் டிகிம் கையொப்பமும் இல்லையெனில், டிமார்க் சோதனையில் மடல் தோற்கும். எல்லாவற்றையும் சரியாக அமைத்தும் மடல் ஒதுக்கப்படுகிறது என்று முறையிடப்படும் நேர்வுகளில் முதலில் பார்க்கவேண்டியது இப்பொருத்தத்தையே. தோற்ற மடலை என்ன செய்யவேண்டும் என்பதையும் ஆள்களம் அறிவிக்கலாம்: ஒன்றும் செய்யவேண்டாம், ஐயத்துக்குரியதாக ஒதுக்குக, மறுத்துவிடுக என்பன அதன் மூன்று நிலைகள். தன் பெயரில் எங்கிருந்தெல்லாம் மடல்கள் செல்கின்றன என்ற தொகுப்பு அறிக்கைகளைப் பெறவும் இதில் வழியுண்டு. முதல் நிலையில் தொடங்கி, அறிக்கைகளைச் சில வாரங்கள் படித்தபின் கடுமையாக்குவதே பாதுகாப்பானது.

யாகூவின் 2014 மாற்றம்

2014 ஏப்ரலில் யாகூ நிறுவனம் தன் ஆள்களத்துக்கு மறுத்துவிடுக என்னும் நிலையை அறிவித்தது. ஏஓஎல் நிறுவனமும் அதே மாதத்தில் அவ்வாறே செய்தது. அதுவரை பெரும்பாலான இணையத்தளங்களின் தொடர்புப் படிவங்கள், படிவத்தை நிரப்பியவரின் முகவரியையே அனுப்புநராக இட்டு நிர்வாகிக்கு மடல் அனுப்பி வந்தன. மறுமொழிப் பொத்தானை அழுத்தினால் நேரே அவருக்கே விடை செல்லும் என்பது அதன் வசதி. யாகூ முகவரியுடன் ஒருவர் படிவத்தை நிரப்பினால், யாகூவுக்குத் தொடர்பில்லாத வழங்கியிலிருந்து யாகூவின் பெயரில் மடல் புறப்படும். அத்தகைய மடல்கள் ஒரே நாளில் மறுக்கப்படலாயின. தளங்களில் எதுவும் மாறவில்லை என்பதால் காரணம் அறியாது திகைத்த நிர்வாகிகள் பலர். இதற்கான தீர்வு எளிது: அனுப்புநராகத் தளத்தின் சொந்த முகவரியையே இட்டு, நிரப்பியவரின் முகவரியை மறுமொழி முகவரிக்கெனத் தலைப்பகுதியில் உள்ள தனி வரியில் இடவேண்டும். இன்றும் பழைய முறையிலேயே எழுதப்பட்ட படிவங்கள் காணக்கிடைக்கின்றன.

நற்பெயர்

மூன்று சான்றுகளும் அனுப்புபவர் யார் என்பதை மட்டுமே நிறுவுகின்றன. எரிதம் அனுப்புவோரும் ஆள்களம் ஒன்றை வாங்கி அதற்கு முறையாகக் கையொப்பமிடலாம். பலர் அவ்வாறே செய்கின்றனர். சான்றுகளின் உண்மையான பயன், நல்ல நடத்தையும் தீய நடத்தையும் உரிய பெயரின் கணக்கில் சேர்வதே. புதிதாக வாங்கிய ஆள்களத்துக்குக் கணக்கே இராது. ஆகவே அதிலிருந்து முதல் நாளிலேயே பல்லாயிரம் மடல்கள் அனுப்புவது ஐயத்தைத் தூண்டும். சிறு எண்ணிக்கையில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுவது வழக்கம். பகிர்வு வழங்கியில் அண்டைத் தளம் ஒன்று எரிதம் அனுப்பினால் ஐ.பி. முகவரி பொதுவானது என்பதால் அனைவரும் அதன் விளைவைச் சுமக்க நேரிடும்.

பெறுநர்கள் எரிதம் என்று குறிக்கும் ஒவ்வொரு முறையும் நற்பெயர் குறைகிறது. கூகுள், யாகூ ஆகிய நிறுவனங்கள் 2023 அக்டோபரில் அறிவித்து 2024 பெப்ரவரி முதல் நடைமுறைப்படுத்திய விதிகள் இதற்கு எண் வரம்பையே விதித்தன: எரித முறையீடுகள் 0.3 விழுக்காட்டை எட்டக்கூடாது, அதாவது 1000 மடல்களுக்கு 3 பேர் முறையிட்டாலே வரம்பு கடந்துவிடும். நாளொன்றுக்கு 5000 மடல்களுக்கு மேல் ஜிமெயில் பயனர்களுக்கு அனுப்புவோர் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றையும் கொண்டிருக்கவேண்டும். விளம்பர மடல்களில் ஒரே சொடுக்கில் விலகும் வசதியும் இருக்கவேண்டும். மைக்ரோசாப்டு நிறுவனம் 2025 மே முதல் ஏறத்தாழ இதே வரம்புடன் சான்று விதிகளைக் கொண்டுவந்தது. கடவுச்சொல் மடல் போன்றவற்றுக்கு விலகும் வசதி கட்டாயமில்லை. இதனால் விளம்பர மடல்களை ஒரு துணை ஆள்களத்திலிருந்தும், தேவையான மடல்களை மற்றொன்றிலிருந்தும் அனுப்புவது நல்லது. கடையின் தள்ளுபடி அறிவிப்பால் சலிப்புற்றோரின் முறையீடு, கடவுச்சொல்லை மறந்தவரின் மடலைப் பாதிக்கக்கூடாது.

நிரலின் கவனக்குறைவும் நற்பெயரைக் கெடுக்கும். படிவத்தில் எழுதப்படும் எந்த முகவரிக்கும் நகல் அனுப்பும் தளத்தை, பிறருக்குத் தொல்லை தரும் கருவியாகத் தீயோர் பயன்படுத்துவர். பெயர் கேட்கும் கட்டத்தில் வரிமாற்றக் குறியுடன் கூடுதல் பெறுநர்களின் முகவரிகளை நுழைத்து எரிதம் அனுப்பும் உத்தி 2000களின் நடுப்பகுதியில் பரவலாக இருந்தது. இல்லாத முகவரிகளிலிருந்து நிலையான மறுப்பு வந்தபின்னும் தொடர்ந்து அனுப்பிக்கொண்டிருப்பதும் தீய நடத்தையாகவே கொள்ளப்படும்.

உள்ளடக்கமும் தமிழ் எழுத்துகளும்

இலவசம், பரிசு போன்ற சொற்களைத் தவிர்த்தால் போதும் என்ற அறிவுரை பரவலாகக் காணப்படுகிறது. அடையாளச் சான்றுகள் இல்லாத மடலுக்கு இதனால் விளையும் நன்மை சிறிது. அதனைவிட, மடல் முறையாகக் கட்டமைக்கப்பட்டிருத்தல் முதன்மையானது. நாள், மடல் அடையாள எண் ஆகிய தலைப்பு வரிகள் இருத்தல், எச்டிஎம்எல் வடிவத்துடன் எளிய உரை வடிவமும் சேர்ந்திருத்தல், உரையில் காட்டப்படும் இணைப்பும் உண்மையான இணைப்பும் ஒன்றாக இருத்தல் ஆகியன இதில் அடங்கும்.

தமிழ் மடல்களுக்கு இங்கு இரு தனிச்சிக்கல்கள் உள்ளன. மின்னஞ்சலின் தலைப்பு வரிகள் ஆங்கில எழுத்துகளுக்காகவே வடிவமைக்கப்பட்டவை. தமிழில் அமைந்த பொருள் வரியை 1996 இல் வெளியான ஆர்எஃப்சி 2047 கூறும் முறையில் குறியேற்ற வேண்டும். அப்படியே விட்டால் ஸ்பாம்அசாசின் போன்ற வடிகட்டிகள் அதற்குப் புள்ளி சேர்க்கும். அம்முறையில் ஒவ்வொரு துண்டும் 75 குறிகளுக்கு மிகாதிருக்க வேண்டும். யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ் ஒருங்குறிக் குறியும் 3 பைட் இடம் பிடிப்பதால், பேஸ்64 குறியேற்றத்தில் ஒரு துண்டில் 15 ஒருங்குறிக் குறிகளே அடங்கும். நீண்ட பொருள் வரியைப் பைட் கணக்கில் வெட்டும் நிரல், ஓர் எழுத்தின் நடுவிலேயே வெட்டிவிடுகிறது. பெறுநருக்குச் சொற்களின் இடையே கேள்விக்குறிகளும் கட்டங்களும் தெரிவதற்கு இது ஒரு காரணம்.

இரண்டாவது, உடற்பகுதியின் வரி நீளம். ஒரு வரி 998 பைட்டுக்கு மேற்படலாகாது என்பது விதி. ஆங்கிலத்தில் அது பெரிய பத்தி. தமிழிலோ 333 ஒருங்குறிக் குறிகளிலேயே வரம்பு கடந்துவிடும். வரம்பு கடந்த வரியை வழியிலுள்ள வழங்கி வெட்டினால் மடல் மாறியதாகிவிடும். டிகிம் கையொப்பமும் பொய்த்துவிடும். ஆங்கில மடல்கள் ஒழுங்காகச் சேரும் தளத்தில் தமிழ் மடல்கள் மட்டும் ஒதுக்கப்படுமாயின் இதனைச் சோதித்துப் பார்க்கலாம். உடற்பகுதியைப் பேஸ்64 முறையில் குறியேற்றி அனுப்பினால் இச்சிக்கல் எழாது.

தாமதமும் சோதனையும்

2003 இல் அறிமுகமான சாம்பற்பட்டியல் முறையில், அறியாத வழங்கியிலிருந்து வரும் மடலைப் பெறும் வழங்கி முதலில் தற்காலிகமாக மறுக்கிறது. முறையான அஞ்சல் வழங்கி சிறிது நேரம் கழித்து மீண்டும் முயலும். எரிதம் அனுப்பும் நிரல்கள் பல முயல்வதில்லை. வரிசையில் வைத்து மறுபடி அனுப்பும் வசதியில்லாத தள நிரல்களும் இதில் மடலை இழக்கின்றன. மீண்டும் முயன்றாலும், பத்து நிமிடமே செல்லுபடியாகும் ஒருமுறைக் கடவுச்சொல் காலம் கடந்து வந்து சேரலாம்.

அமைப்பைச் சோதிக்க, தளத்திலிருந்து வெவ்வேறு சேவைகளில் உள்ள முகவரிகளுக்கு உண்மையான மடலொன்றை அனுப்பி, வந்து சேர்ந்த மடலின் மூல வடிவத்தைத் திறந்து பார்க்கவேண்டும். பெறும் வழங்கி தன் சோதனை முடிவுகளை அங்கு ஒரு தலைப்பு வரியாக எழுதியிருக்கும். எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் ஒவ்வொன்றும் வென்றதா தோற்றதா என்பதும், எந்த ஆள்களத்தின் பெயரில் வென்றது என்பதும் அதில் தெரியும். கூகுள் தன் பயனர்களின் முறையீட்டு விகிதத்தை ஆள்கள உரிமையாளர்களுக்குக் காட்டும் கருவியொன்றையும் வழங்குகிறது. ஆயினும் குறைந்த எண்ணிக்கையில் மடல் அனுப்பும் தளங்களுக்கு அதில் தரவுகள் தோன்றுவதில்லை. மடலை எரிதமல்ல என்று குறிக்குமாறு பயனர்களைக் கேட்டுக்கொள்ளும் அறிவிப்பைப் பல தளங்களில் காணலாம். அது குறித்த பயனருக்குப் பெரிதும் உதவும். மடல் எரிதக் கோப்புறையில் இருப்பதையே அறியாத அடுத்த பயனருக்கு அதனால் பயன் சிறிதே.